காப்பு கட்டாத ரதி

லோஜன்: போதும் மச்சான். நீ சொன்ன மாதிரியே மூச்சப் புடிச்சி, குனிஞ்சி... ம்ஹூம். கண்ணுல ஒரு பொட்டுத் தண்ணி வர மாட்டேங்குது.

திலக்ஷன்: நாளைக்குக் காமன் கூத்துல காமன எரிக்கிறப்ப தோட்டமே சுத்தி நிக்கும். ரதி அழாம மரம் மாதிரி நின்னா வெளங்கும்.

லோஜன்: நீ மூணு வருஷம் ரதி வேஷம் கட்டுனியே. எப்புடித்தான் அழுத?

திலக்ஷன்: சரி, பாட்ட விடு. கூத்துல இல்லாத பேச்சா பேசிப் பாப்போம். நான் சிவன். ஒன் புருஷன் மன்மதன எரிச்சிட்டு நிக்கிறேன். கேளு.

லோஜன்: என்னன்னு கேக்குறது?

திலக்ஷன்: வாயில வர்றத.

லோஜன்: சாமி... ஏன் சாமி எரிச்சீங்க?

திலக்ஷன்: தோட்டத்துல வேல வாங்குற கண்டாக்கையாகிட்ட அரை நாள் லீவு கேக்குற மாதிரி இருக்கு.

லோஜன்: சிரிக்காதடா. நானே பயந்துபோயி...

திலக்ஷன்: சரி, மாத்திக்கிருவோம். நீ சிவன். நான் ரதி.

லோஜன்: நீயா... வேணாமே.

திலக்ஷன்: நான் என்ன தப்பு செஞ்சேன் சாமி? மாசி பொறந்ததுலேர்ந்து கவுச்சி தொடல. பாய்லதான் படுத்தேன். எனக்குன்னு இருந்தது அது ஒண்ணுதான். அதையும் எடுத்துட்டீங்களே.

லோஜன்: இது ரதி பேசுறதா, நீ பேசுறதா?

திலக்ஷன்: சிவன் அப்புடிக் கேப்பாரா? பதில் சொல்லு.

லோஜன்: நீ எதையோ மனசுல வச்சிப் பேசுற மச்சான்.

திலக்ஷன்: போன வாரம் பொகவந்தலாவையில செத்தது எங்க அம்மாவோட ஒண்ணுவிட்ட அண்ணன். எனக்கு மாமன் மொற. மூணு நாள்ல தீட்டு போயிரும். சாவு வீட்டுலேர்ந்து திரும்பி வந்தா... அது பங்காளி சாவு, பதினாறு நாள் தீட்டுன்னு யாரோ கூத்து மாஸ்டர்கிட்ட சொல்லி, ரதி வேஷத்துக் காப்புக் கயித்த ஒன் கையில கட்டியாச்சு.

லோஜன்: கட்டுனத அவுக்க முடியாதேடா. காமன் எரியுற வரைக்கும்...

திலக்ஷன்: தெரியும். அதான் வயிறு எரியுது. நான் கட்டுன சேலைய நீ கட்டிக்கிட்டு நிக்கிற. பாக்க முடியல. பொறாமையா இருக்குடா.

லோஜன்: நிப்பாட்டு மச்சான்.

திலக்ஷன்: சிவனா நின்னு சொல்லு. ஏன் எரிச்சீங்க?

லோஜன்: ...சனம் ஒன்னையேதான் பாத்துச்சு.

திலக்ஷன்: ம்.

லோஜன்: மூணு வருஷமா ஒனக்குப் பந்தம் புடிச்சேன். நீ அழுறப்ப லயத்து வரிசை வீட்டுப் பொம்பளைங்க எல்லாம் அழுதாங்க. எங்க அம்மாகூட. பந்தம் சுட்டு என் கை வெந்துச்சி, அம்மா திரும்பிப் பாக்கல. ஒன்னத்தான் பாத்துச்சி.

திலக்ஷன்: அதுக்கு?

லோஜன்: அதுக்குத்தான்... அந்தாளு ஒனக்குப் பங்காளின்னு மாஸ்டர்கிட்ட நான்தான் சொன்னேன். பொய்தான். தெரிஞ்சேதான் சொன்னேன். அடிக்கிறதுன்னா அடி மச்சான்.

திலக்ஷன்: தொடைக்காத. கண்ணத் தொடைக்காத. இந்த அழுகைதான் நாளைக்கு வேணும்.

லோஜன்: இவ்வளவும் கேட்டுட்டு எனக்கே சொல்லிக் குடுக்குறியா?

திலக்ஷன்: யாரு சொன்னாங்கன்னு மாஸ்டர் எனக்கு அன்னைக்கே சொல்லிட்டாருடா. நாலு நாளா நான் வேணும்னேதான் ஒனக்குத் தப்புத் தப்பா சொல்லிக் குடுத்தேன், தோட்டமே ஒன்னப் பாத்துச் சிரிக்கட்டும்னு. இன்னைக்குத்தான் ஒழுங்கா சொல்லிக் குடுத்திருக்கேன்.