பேர் சொல்லாத வளையல்

எனது பெயர் எழிலரசன், வயது 26, த/பெ ஆவுடையப்பன், கீழத்தெரு, அரிமளம். பி.இ. கம்ப்யூட்டர் படித்துவிட்டு ஆன்லைன் விற்பனைக் கம்பெனி ஒன்றுக்கு வீட்டிலிருந்து வேலை பார்க்கிறேன். விற்க வரும் பொருள்களைப் பிரிவு பிரிக்கக் கம்பெனி வைத்திருக்கும் விதிகள் ஒழுங்காக இருக்கின்றனவா என்று சோதிப்பது என் வேலை. யாரும் கூப்பிடாமல் நானாகவே காவல் நிலையத்துக்கு வந்து இதைச் சொல்கிறேன்.

மணமேல்குடி மரியசெல்வத்தின் குழந்தைக்குப் பல் முளைக்கும் பருவம். எங்கள் கம்பெனி வழியாக வாங்கிய கைவளையலை அது கடித்ததில் ஒரு துண்டு உடைந்து தொண்டையில் சிக்கி, ஆஸ்பத்திரியில் எடுத்தார்கள். இப்போது நலம். வளையல் கோத்து விற்ற திருமயம் அமிர்தவல்லி மீது மரியசெல்வம் புகார் கொடுத்திருக்கிறார். வளையல் எதனால் ஆனது என்று தலைமைக் காவலர் வீரய்யா கேட்டார். வாயால் சொல்லாமல் தாளில் எழுதிக் காட்டினேன்: வசம்பு.

புகார் வந்த பிறகு அமிர்தவல்லிக்குப் போன் செய்தேன். "பிள்ள பால் குடிக்குதா தம்பி?" என்றுதான் முதலில் கேட்டார். கேஸைப் பற்றிக் கேட்கவே இல்லை. கம்பெனிப் படிவத்தில் பொருளின் பெயர் கேட்கும் இடத்தில் 'பேர் சொல்லாதது, பிள்ளை கைக்கு' என்று ஏன் போட்டீர்கள் என்றேன்.

"கைப்பிள்ள இருக்கிற வீட்டுக்குப் போற பொருள். அதப் பேர் சொல்லியா அனுப்புவாங்க?"

"கம்ப்யூட்டருக்கு அதெல்லாம் புரியாதுக்கா."

"அதுக்கு ஒரு பிள்ள பொறந்தாப் புரியும்."

பெயர் இல்லாததால் கம்ப்யூட்டர் 'பிள்ளை', 'கை' என்பதை மட்டும் பிடித்துக்கொண்டு, கடிக்கும் பொம்மைகளில் வளையலைச் சேர்த்துவிட்டது. 'குழந்தை கடிக்க ஏற்றது' என்ற வரியும் தானாக வந்தது. அமிர்தவல்லி எழுதியதல்ல. அதன் பிறகு, எங்கள் டீமில் மூன்று பேரிடம் அதே வளையலைத் தனித்தனியாகக் காட்டினேன். ஒருவர் நகை என்றார், ஒருவர் மருந்து என்றார், ஒருவர் பொம்மை என்றார். ஒரே பொருள் மூன்று பிரிவுக்குப் போனால் விதிதான் மோசம். விற்றவரைப் பிடித்து என்ன பயன்? சோதனை முடிவை இத்துடன் கொடுத்துள்ளேன்.

"அப்ப கம்ப்யூட்டரத் தூக்கி உள்ள வைக்கவா?" என்றார் வீரய்யா. விதி எழுதியவர்களைக் கூப்பிடுங்கள் என்றேன்.

அதன் பிறகு வீரய்யா இதுவரை எழுதியதை எனக்குப் படித்துக் காட்டினார். நான் தாளில் எழுதிய அந்தச் சொல் வரும் இடத்தில், எதிர் பெஞ்சில் இருந்த மரியசெல்வம், மடியில் இருந்த குழந்தையின் காதுகளைப் பொத்தினார். விசாரணைக்கு வந்து வாசலில் நின்றிருந்த அமிர்தவல்லி அதைப் பார்த்தார். வீரய்யா வாசிக்காமல் அந்த இடத்தை விரலால் தொட்டுக் காட்டிவிட்டு அடுத்த வரிக்குப் போனார்.

நான் சொன்னதே எழுதப்பட்டுள்ளது. வாசிக்காமல் விட்ட அந்தச் சொல்லையும் கண்ணால் பார்த்து, அனைத்தும் உண்மை என்று கையொப்பமிடுகிறேன்.

(ஒப்பம்)
ஆ. எழிலரசன்