எர்த் குழிக்கு இரண்டு குடம் தண்ணீர்

தம்பி அயாஸ், உங்கள் கடிதம் போன வியாழக்கிழமை வந்தது. கையெழுத்து அப்படியே உங்கள் அத்தாவுடையது. உறையைப் பார்த்ததும் ஜமால் பாய்தான் பேகம்பூரிலிருந்து எழுதியிருக்கிறார் என்று ஒரு நிமிடம் சந்தோஷப்பட்டுவிட்டேன். பிறகுதான் துபாய் ஸ்டாம்பைக் கவனித்தேன். ஒரே ஊருக்குள் இருக்கிறவர் எனக்கு எதற்குக் கடிதம் எழுதப்போகிறார்.

நீங்கள் கேட்டது ஒரே கேள்வி. "நான் அனுப்பிய கம்ப்யூட்டரால்தான் அம்மா இறந்துபோனார்களா, மாமா?" இல்லை தம்பி. அந்த மெஷினில் ஒரு கோளாறும் கிடையாது. முப்பது வருஷமாகப் பழனி ரோட்டில் ரேடியோவும் டி.வி.யும் பழுது பார்க்கிறவன் சொல்கிறேன், நம்பலாம். அதோடு நிறுத்திக்கொள்ளத்தான் நினைத்தேன். ஆனால் உங்கள் தங்கை பாசிலாவுக்கு நத்தத்தில் மாப்பிள்ளை பேசி முடித்து, அடுத்த மாதம் நிக்காஹ் என்று எழுதியிருக்கிறீர்கள். அவள் படிப்பதாக இருந்த பெண். அதனால் மற்றதையும் எழுதுகிறேன்.

மெஷின் உங்கள் வீட்டுக்கு வந்தது போன நவம்பரில், நல்ல அடைமழையில். டி.வி.யோடு இணைத்து, டேப் ரெக்கார்டரை ஒட்டி, பாசிலாவே மாட்டிவிட்டாள். இரண்டு மாதம் மணியாக ஓடியது. பி.எஸ்ஸி. கணக்குப் படித்த பெண்ணல்லவா, சும்மா இருப்பாளா? திண்டுக்கல்லுக்கென்று தனியாகத் தொழுகை, நோன்பு நேர அட்டவணை போட வேண்டும் என்று ஆரம்பித்தாள். அதுவரை மதுரை நேரத்தோடு ஒரு நிமிடம் கூட்டித்தான் இங்கே அட்டை அச்சடிப்பார்கள். இவள் வருஷம் முழுக்க, நிமிடத்துக்கு நிமிடம், சூரியன் எங்கே நிற்கிறது என்று மெஷினைக் கணக்குப் போடச் சொன்னாள். அதற்கு அது பதினாலு மணி நேரம் நிற்காமல் ஓட வேண்டும். உங்கள் அத்தா ஒரு நாள் வாசல் நடையில் என் முன்னாலேயே வாக்குக் கொடுத்தார்.

"ரமலானுக்கு முன்னாடி இந்தப் பெட்டி நிக்காம ஓடி அட்டவணையக் குடுத்துருச்சுன்னு வையி, உன்னைய திருச்சிக்கு எம்.சி.ஏ. படிக்க அனுப்புறேன். இல்லைன்னா நான் சொல்ற எடத்துக்குக் கழுத்த நீட்டணும். சரியா?"

"சரித்தா," என்றாள். சிரித்துக்கொண்டுதான் சொன்னாள்.

பொங்கல் கழிந்ததும் மெஷின் நிற்க ஆரம்பித்தது. திரையில் எழுத்து அப்படியே உறைந்துவிடும். எந்தப் பொத்தானை அழுத்தினாலும் அசையாது. அணைத்துப் போட்டு, கேசட்டை முதலிலிருந்து ஓட்டி ஏற்ற வேண்டும். மூன்று மணி நேரக் கணக்கு ஒரு நொடியில் போய்விடும். அப்போதுதான் பாய் எனக்கு ஆள் அனுப்பினார்.

உங்கள் வீட்டு வழக்கம் உங்களுக்குத் தெரியும். வெளி ஆம்பிளை வந்தால் வாசல் நடையோடு சரி. எத்தனை வருஷம் பழகியிருந்தாலும் அங்கேயே நாற்காலி, அங்கேயே டீ. ரிப்பேர்காரனுக்கு மட்டும்தான் உள்ளே வழி. அன்றைக்குத்தான் உங்கள் அம்மாவை நேரில் பார்த்தேன். முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு, "வாங்கண்ணே, இம்புட்டு வெயில்ல வந்திருக்கீக, செத்த நேரம் காத்தாட உக்காருங்க," என்றார்கள். என் வீட்டுக்காரி அழகம்மாள் போய் எட்டு வருஷம். பிள்ளை குட்டி கிடையாது. அண்ணே என்று கூப்பிட எனக்கு உலகத்தில் வேறு ஆள் இல்லை.

கோளாறைக் கண்டுபிடிக்கக் கால் மணி நேரம்கூட ஆகவில்லை. கொல்லையில் எர்த் குழி இருக்கிறதல்லவா, கரியும் உப்பும் போட்டுக் குழாய் இறக்கியது, அது காய்ந்து கட்டாந்தரையாகக் கிடந்தது. குழி காய்ந்தால் எர்த் வேலை செய்யாது. சமையலறைப் பழைய ஃப்ரிட்ஜ் ஒவ்வொரு முறை கிளம்பும்போதும் லைனில் ஒரு உதறல் வரும். எர்த் இல்லாததால் அது நேரே மெஷினைப் போய் அடிக்கும். மருந்து, இரண்டு குடம் தண்ணீர். கை கால் கழுவுகிறேன் என்று கொல்லைக்குப் போய், துணி அலசிய தண்ணீரை இரண்டு குடம் குழியில் ஊற்றினேன். உள்ளே வந்து மெஷினைத் திறந்து, தூசி தட்டி மூடினேன். ஓடியது.

"என்ன கோளாறு மாமா?" என்று பாசிலா கேட்டாள்.

"உள்ள ஒரு ஐ.சி. சூடாகுதும்மா. அது அப்பப்ப மக்கர் பண்ணும். நான் வந்து பாத்தாத்தான் சரிப்படும்," என்றேன்.

குழியைப் பற்றி ஏன் சொல்லவில்லை என்று நீங்கள் கேட்கலாம். ஐந்து நாளைக்கு ஒரு முறை குழாயில் தண்ணீர் வருகிற ஊர் இது. குடிக்கிற தண்ணீருக்கே குடம் வரிசையில் நிற்கிறது. மண்ணுக்கு ஊற்று என்று சொன்னால் பாய் என்ன நினைப்பார்? அதுதான் காரணம் என்று அன்றைக்கு எனக்கே சொல்லிக்கொண்டேன்.

வாரத்துக்கு ஒரு முறை குழி காய்ந்தது. வாரத்துக்கு ஒரு முறை ஆள் வந்தது. நாலு தடவை போனேன். சர்பத், சமோசா, ஒரு நாள் மதியச் சாப்பாடு. உங்கள் அம்மா எனக்காகத் தனியாக உறைப்புக் குறைத்து வெஞ்சனம் வைத்தார்கள். பாசிலா ஒரு நோட்டுப் போட்டு, மெஷின் எப்போது நிற்கிறது, அப்போது வீட்டில் என்னென்ன ஓடுகிறது என்று ஒவ்வொன்றாகக் குறித்து வந்தாள். நான் போனதும் நோட்டைத் தூக்கிக்கொண்டு எதிரில் உட்காருவாள். படிப்பில் அவ்வளவு கெட்டிக்காரி. அவள் பேசுவதைக் கேட்டுக்கொண்டே இருக்கலாம்.

பிப்ரவரி கடைசியில் கோடை மழை கொட்டித் தீர்த்தது. ஊரே சந்தோஷப்பட்டது. குழி நனைந்துவிட்டது. மெஷின் நிற்கவே இல்லை, எனக்கும் ஆள் வரவில்லை. இரண்டு வாரம் பார்த்தேன். பிறகு அந்தப் பக்கம் போகிற சாக்கில் நின்றேன். பாய் வாசல் நடையில் உட்காரவைத்து, "அல்லா கிருபையில இப்ப நல்லா ஓடுதுண்ணே, ஒங்க கைராசி," என்றார். டீ வந்தது. அதைக் குடித்தால் கிளம்ப வேண்டியதுதான். உள்ளே உங்கள் அம்மா யாரையோ கூப்பிடுகிற சத்தம் கேட்டது.

மெயின் போர்டு வாசல் நடைச் சுவரில்தான் இருக்கிறது. ஃபியூஸைப் பார்த்துவிடுகிறேன் பாய் என்று சொல்லி, மூடியைக் கழற்றி, எர்த் வயர் ஸ்க்ரூவை நாலு சுற்றுத் தளர்த்தி, வயரை வெளியே இழுத்துவிட்டேன். மறுநாள் காலை பத்து மணிக்கு ஆள் வந்துவிட்டது.

இப்படி ஐந்து தடவை. சும்மா பார்க்க வந்தேன் என்று போய்த் தளர்த்துவேன். கூப்பிட்டதும் போய், பேசி, சாப்பிட்டு, கிளம்பும்போது முடுக்குவேன். பாசிலாவின் கணக்கு எட்டு மணி நேரம்வரை போய் நின்றது ஒரு தரம், பதினொரு மணி நேரம் போய் நின்றது ஒரு தரம். அன்றைக்கு அவள் அழுதுவிட்டாள். அவள் திருச்சிக்குப் போய்விடக் கூடாது என்று நான் செய்ததாக நீங்கள் நினைத்துவிடாதீர்கள். அவள் போக வேண்டும் என்றுதான் ஆசைப்பட்டேன். இன்னும் ஒரே ஒரு தரம், பிறகு விட்டுவிடலாம் என்று ஒவ்வொரு தரமும் நினைத்தேன்.

நான் பொறுப்பில்லாதவன் இல்லை. எர்த் இல்லாத நாட்களில் ஃப்ரிட்ஜ் கைப்பிடியில் டெஸ்டர் வைத்தால் சிவப்பாக எரிந்தது எனக்குத் தெரியும். உங்கள் அம்மாவும் சொன்னார்கள்: "அண்ணே, ஃப்ரிட்ஜத் தொட்டா சுர்ருங்குது." வெயில் காலத்தில் அப்படித்தான் இருக்கும் என்று சொல்லிவிட்டு, மறுநாளே கடைவீதிக்குப் போய் நல்ல ரப்பர் செருப்பு ஒரு ஜோடி வாங்கி வந்து கொடுத்தேன். சமையல்கட்டில் போட்டுக்கொண்டே இருக்க வேண்டும் என்று கண்டிப்பாகச் சொன்னேன். "எங்கண்ணன் வாங்கியாந்தது," என்று பாயிடம் காட்டினார்களாம். தங்கச்சிக்கு என்று நான் வாங்கிய பொருள் அது ஒன்றுதான்.

ரமலானுக்கு மூன்று நாள் இருந்தது. மத்தியானம் ஆள் வந்தது. பாய் கடைக்குப் போயிருந்தார். என்னை இனி யாரும் வெளியாள் என்று நினைக்கவில்லை. நேரே உள்ளே போனேன். பாசிலா நோட்டை விரித்தாள்.

"மாமா, ஒண்ணு கண்டுபிடிச்சிட்டேன். ஃப்ரிட்ஜ் கிளம்புற நேரத்துலதான் நிக்குது. பதினாலு தடவைல பன்னெண்டு தடவை அப்படித்தான். அப்ப கோளாறு மெஷின்ல இல்லைல்ல? லைன்லதான இருக்கணும்?"

எனக்குப் பெருமையாக இருந்தது. சத்தியமாகப் பெருமையாகத்தான் இருந்தது. எழுந்து வாசலுக்குப் போய் ஸ்க்ரூவை முடுக்க ஒரு நிமிடம் போதும். ஸ்க்ரூ டிரைவர் சட்டைப் பையிலேயே இருந்தது. ஆனால் முடுக்கிவிட்டால் வேலை முடிந்துவிடும், வேலை முடிந்தால் கிளம்ப வேண்டும். கொல்லைப் பக்கமிருந்து உங்கள் அம்மா குரல் கொடுத்தார்கள்: "அண்ணே, போயிராதீக. ஒளு எடுத்துட்டேன், சர்பத் கொண்டாரேன்." சரி, சர்பத் வரட்டும் என்று உட்கார்ந்திருந்தேன்.

தொழுகைக்குக் கை கால் கழுவி ஒளு எடுக்கச் செருப்பைக் கழற்றிவிட்டுத்தானே போவார்கள். அது எனக்குத் தோன்றவில்லை. ஈரக் காலோடு, ஈரக் கையோடு வந்து ஃப்ரிட்ஜைத் திறந்திருக்கிறார்கள். சத்தம் எதுவும் போடவில்லை. ஜக்கு விழுந்த சத்தம் மட்டும் கேட்டது.

பாசிலா ஓடிப்போய்த் தொடப்போனாள். அவளை இடுப்போடு பிடித்து இழுத்து நிறுத்தியது நான்தான். நான் இல்லாவிட்டால் அன்றைக்கு அந்த வீட்டில் இரண்டு மவுத்து. இதை யாரும் சொல்வதில்லை. ஓடிப்போய் மெயினை அணைத்தேன். அணைத்த கையோடு மூடியைத் திறந்து, எர்த் வயரைச் சொருகி, ஸ்க்ரூவை முடுக்கினேன். நாலு சுற்று. பழகிய வேலை. பிறகுதான் உள்ளே திரும்பினேன். எலுமிச்சை வாசம் சமையல்கட்டு முழுக்க இருந்தது.

லைன்மேன் பொம்மையன் வந்து போர்டைப் பார்த்தார். எர்த் சரியாக இருந்தது, அவர் என்ன சொல்ல முடியும்? அடக்கம் முடிந்து மூன்றாம் நாள், உங்கள் அத்தா என் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டார்: "அண்ணே, ஒங்களுக்குத் தெரியும். சொல்லுங்க. எதனால?"

பாசிலா கதவோரம் நின்றிருந்தாள். அது எனக்குத் தெரியும்.

"நாள் முழுக்க அந்தப் பெட்டி ஓடிக்கிட்டே இருந்துச்சுல்ல பாய், லைன் தாங்கல," என்றேன்.

இதுதான் நான் செய்தவற்றில் பெரியது என்று இப்போது தோன்றுகிறது. ஸ்க்ரூ விஷயம் கை வேலை. இது அந்தப் பெண்ணின் முகத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னது. அவள் அழவில்லை. உள்ளே போய் மெஷினை ஒரு போர்வையில் சுற்றி எடுத்து வந்து என் காலடியில் வைத்தாள். "இத எங்கிட்டாச்சும் கொண்டு போயிருங்க மாமா. அம்மாவ நானே கொன்னுட்டேன்," என்றாள். அப்போதாவது வாயைத் திறந்திருக்கலாம். போர்வையோடு தூக்கிக்கொண்டு வந்துவிட்டேன். இப்போது அவள் விளக்கு ஸ்விட்சைக்கூடத் தொடுவதில்லை, வேறு யாரையாவது போடச் சொல்கிறாள் என்று கேள்விப்பட்டேன். நத்தத்துச் சம்பந்தத்துக்கு ஒரு வார்த்தை மறுத்துப் பேசவில்லை என்கிறீர்கள். பேச மாட்டாள். அது தனக்குக் கிடைக்க வேண்டிய தண்டனை என்று நினைத்திருப்பாள்.

நோட்டும் மெஷினோடு வந்துவிட்டது. பக்கத்தின் கடைசிக் கட்டத்துக்குத் தலைப்பாக என் பெயரை, 'சுப்புராஜ் மாமா' என்று எழுதியிருக்கிறாள். 'மாமா சும்மா வந்தார்.' அதற்கு அடுத்த வரியில் 'நின்றது.' மறுபடியும் 'மாமா சும்மா வந்தார்.' 'நின்றது.' ஐந்து தடவையும் அப்படியே வரிசையாக இருக்கிறது. ஃப்ரிட்ஜைக் கண்டுபிடித்தவளுக்கு இது கண்ணில் படவே இல்லை. மாமா வந்து போவதை அவள் கோளாறில் சேர்க்கவில்லை. இரவெல்லாம் அந்தப் பக்கத்தை வைத்துக்கொண்டு அழுதிருக்கிறேன் தம்பி.

அவள் கேசட்டைப் போட்டு, என் கடையில் அந்தக் கணக்கை ஓட்டினேன். பதினாலு மணி நேரம், ஒரு இடத்தில்கூட நிற்கவில்லை. வருஷம் முழுக்க வந்திருக்கிறது. திரையைப் பார்த்துப் பார்த்து எல்லாவற்றையும் கையால் எழுதி, இந்தக் கடிதத்தோடு வைத்திருக்கிறேன். அத்தாவுக்கு அனுப்பிக் காட்டுங்கள். அவர் கொடுத்த வாக்கு அவருக்கு ஞாபகம் இருக்கும். நிக்காஹை நிறுத்தவும் திருச்சிக்கு விண்ணப்பம் போடவும் இன்னும் நாள் இருக்கிறது. உங்கள் அம்மா ஷரீஃபா தங்கச்சியைக் கொன்றது நான் என்று நீங்களே அத்தாவிடமும் பாசிலாவிடமும் சொல்லிவிடுங்கள். போலீஸுக்குப் போனாலும் சரி, இதே கடிதம் போதும்.

ஆனால் அவர்கள் கோபம் எல்லாம் ஆறி, பாசிலாவுக்கு மெஷின் திரும்ப வேண்டும் என்று தோன்றினால், வேறு யாரையும் கூப்பிட வேண்டாம். நானே கொண்டுவந்து மாட்டித் தருகிறேன். எதற்கும் வாரம் ஒரு தரம் வந்து பார்த்துக்கொள்கிறேன். எர்த் குழிக்குத் தண்ணீர் ஊற்ற அந்த வீட்டில் ஒரு ஆள் வேண்டுமல்லவா.