ஆபரேஷன் கத்துக்கிற பொண்ணு

உத்திரமேரூரிலிருந்து செங்கல்பட்டு போகும் காலைப் பேருந்தில், எனக்கு முன் இருக்கையில் இரண்டு பெண்கள் பேசிக்கொண்டு வந்தார்கள்.

“ஆபரேஷன் கத்துக்கினு கீற பொண்ணுதான் இன்னிக்கு என் வூட்டுக்காரர அறுக்கப் போவுதாம்க்கா,” என்றாள் இளையவள். “குடலிறக்கம். நாலு மாசமா நெல்லு மூட்ட தூக்கல. வூட்ல ஒல வெக்கிறதே பேஜாரா கீது.”

“பெரிய டாக்டரு பக்கத்துலயே நிப்பாரு.”

“அவரு தடுக்கறதுக்குள்ள அந்தப் பொண்ணு கை தவறிட்சின்னா?”

மூத்தவள் தன் வலது கையைத் திருப்பிக் காட்டினாள். மணிக்கட்டில் நீளமான தழும்பு.

“அறுவா பட்டு வெரலே மடங்கல. கத்துக்கினு இருந்த ஒரு தம்பிதான் நரம்ப சேத்து தெச்சி வுட்டுச்சி. இந்தப் போகம் நடவுக்கே போனேன்.”

இளையவள் அந்தக் கையைப் பிடித்து, விரல்களை ஒவ்வொன்றாக மடக்கிப் பார்த்தாள். செங்கல்பட்டு வரும்வரை கையை விடவில்லை.