சங்கிலிக்கு வெளியே

எனக்கு மீன் ஆகாது, ஐயா. ஒரு துண்டு வாயில் வைத்தால் போதும், உதடு வீங்கி உடம்பெல்லாம் தடித்துவிடும். மீன் துறைமுகத்தில் வேலை பார்ப்பவனுக்கு இப்படியா என்று எல்லோரும் கேட்பார்கள். அதனால்தான் என்னை நம்பி வாசலில் உட்கார வைத்திருக்கிறார்கள் என்று நானும் சொல்லிச் சிரிப்பேன்.

நீங்கள் பொறுமையாகக் கேட்கிறீர்கள். நேற்று வந்தவர் மேஜையைத் தட்டினார். தட்டினால் எனக்குப் பேச்சு வராது. மற்றபடி ஒளித்து வைக்க என்னிடம் எதுவும் இல்லை. சொல்லப்போனால், இதைச் சொல்ல எனக்குக் கொஞ்சம் ஆசையாகவே இருக்கிறது.

புது விதி வருவதற்கு முன்பு எங்கள் ஊரில் மீன் எங்கே விற்கவில்லை என்றுதான் கேட்க வேண்டும். பாலத்தடியில் விற்றார்கள், பெட்ரோல் பங்குக்குப் பின்னால் விற்றார்கள், ஸ்கூட்டரில் பெட்டி கட்டித் தெருத்தெருவாக விற்றார்கள். எந்தத் தண்ணீரில் பிடித்தது, எவ்வளவு பிடித்தது என்று ஒருவருக்கும் தெரியாது. மீன் முட்டையிடும் குடாவுக்குள் வலை போடக்கூடாது என்று தடை இருந்தது. அங்கே பிடித்த குஞ்சுகளையும் கூறு கட்டி விற்றார்கள். கடலில் மீன் வற்றிக்கொண்டே வந்தது.

அதனால்தான் விதி வந்தது. இனி மீனை ஏலக்கூடத்தில் மட்டுமே விற்கலாம். துறைமுக வாயிலுக்குக் குறுக்கே ஒரு இரும்புச் சங்கிலி போட்டார்கள். வருகிற படகு வெளியே நின்று, எங்கே பிடித்தது, எத்தனை கிலோ என்று வயர்லெஸில் சொல்ல வேண்டும். சொன்ன பிறகுதான் சங்கிலி தண்ணீருக்குள் இறங்கும். உள்ளே விட்டுவிட்டுக் கேட்டால், பாதி மீன் தராசுக்கு வருவதற்குள் படிக்கட்டு ஏறிப் போய்விடும், அதற்காகத்தான் இந்த ஏற்பாடு. சொன்ன எடையும் தராசு காட்டும் எடையும் ஒத்துப்போனால் பெட்டிக்குப் பெட்டி ஒரு மஞ்சள் வில்லை மாட்டுவோம். ‘எடை பார்க்கப்பட்டது’ என்று அதில் அச்சடித்திருக்கும். வில்லை இல்லாத மீனை வாங்கும் ஓட்டலுக்குப் பூட்டு. பொய் சொன்ன படகுக்கு உரிமம் ரத்து.

சங்கிலியை இறக்கும் பச்சைப் பொத்தான் என் மேஜைமேல் இருந்தது. நான் ஒல்லியான ஆள். வீட்டில் டிவி ரிமோட்கூட என் கைக்கு வந்ததில்லை. அப்படிப்பட்டவன் ஒரு விரலை வைத்தால், மலை மாதிரி படகுகள் ஒவ்வொன்றாக உள்ளே வரும். முதல் நாள் வீட்டுக்குப் போகும் வழியில் எனக்கு நடக்கவே தோன்றவில்லை, குதித்துக்கொண்டே போனேன். தெருமுனை இஸ்திரிக்காரர் லாட்டரி அடித்ததா என்று கேட்டார்.

மச்சானைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். என் மனைவிக்கு ஒரே அண்ணன். சொந்தப் படகு வைத்திருந்தார். அவர் வந்தால் வீடு கலகலத்துப் போகும். எனக்கு ‘சங்கிலி மாப்ள’ என்று பெயர் வைத்ததும் அவர்தான். குழம்பைக் கேட்டால்கூட, “எத்தனை கரண்டின்னு முதல்ல சொல்லுங்க மாப்ள, அப்புறம்தான் சட்டி தொறக்கும்” என்பார். வீடே விழுந்து விழுந்து சிரிக்கும். நானும் சிரிப்பேன். அவர்மேல் எனக்கு எந்தக் காழ்ப்பும் கிடையாது. இதைத் தயவுசெய்து எழுதிக்கொள்ளுங்கள்.

என் மகள் பள்ளிக்கூடத்தில் பரிசு வாங்கியபோது வீட்டில் ஒரு விருந்து வைத்தோம். அன்று மச்சான் என் தோளில் கை போட்டுப் பாசமாகப் பேசிக்கொண்டிருந்தார். பேசிக்கொண்டே என் சட்டைக் காலருக்குப் பின்னால் ஒரு மஞ்சள் வில்லையை மாட்டிவிட்டார். அது தெரியாமல் நான் பந்தியில் பரிமாறினேன், கடைக்குப் போய் ஐஸ்கிரீம் வாங்கி வந்தேன், மகளின் தலைமை ஆசிரியையோடு நின்று போட்டோ எடுத்துக்கொண்டேன். நான் திரும்பும் பக்கமெல்லாம் சிரிப்பு. என் பேச்சு அன்றைக்கு எடுபடுகிறது என்று நினைத்து நான் இன்னும் ரெண்டு கதை சொன்னேன். இரவு சட்டையைக் கழற்றும்போதுதான் பார்த்தேன். மனைவி கண்ணில் நீர் வரச் சிரித்தாள். “அண்ணன் எப்பவும் இப்படித்தாங்க” என்றாள். நானும் சிரித்தேன். அந்த வில்லை இன்னும் என் மேஜை டிராயரில் இருக்கிறது, வேண்டுமானால் எடுத்துக்கொள்ளுங்கள்.

அந்த நாளுக்கு வருகிறேன். அன்று சாயங்காலம் விழா. வருஷம் முழுக்கக் கணக்கில் வராத ஒரு மீன்கூட விற்காத துறைமுகம் என்று எங்களுக்குக் கேடயம் தருவதாக இருந்தது. ஏலக்கூடத்தைக் கழுவி, பலூன் கட்டி, நாற்காலி போட்டிருந்தார்கள். கேடயத்தை மேடையேறி வாங்கப்போவது நான். புதுச் சட்டை போட்டிருந்தேன். காலரைப் பின்னால் தடவிப் பார்த்துக்கொண்டேன், ஒன்றும் இல்லை. அவ்வளவு சந்தோஷம்.

மதியம் காற்று எச்சரிக்கை வந்தது. படகுகள் எல்லாம் ஏற்கெனவே உள்ளே வந்துவிட்டன, ஒன்றைத் தவிர. அது யாருடையது என்று சொல்ல வேண்டியதில்லை. கடலில் அலை மடங்கி உடைய ஆரம்பித்திருந்தது. படகு சங்கிலிக்கு வெளியே வந்து நின்றது. அதில் மச்சான், வலைக்காரர், என்ஜின்காரர் என்று மூன்று பேர்.

“மாப்ள, சங்கிலிய எறக்குங்க. காத்து தூக்குது.”

“எவ்வளவு மச்சான்?”

“எது எவ்வளவு?”

“மீன்.”

சிரித்தார். “ஒரு நூறு கிலோன்னு வச்சுக்குங்க.”

“வச்சுக்க முடியாது. படகு கழுத்து வரைக்கும் முங்கியிருக்கு. எந்தத் தண்ணில பிடிச்சது?”

குடாவில் பிடித்தது என்று எனக்கும் தெரியும், எனக்குத் தெரியும் என்பது அவருக்கும் தெரியும். “உள்ள வந்து எல்லாம் சொல்றேன் மாப்ள. உங்க விழாவக் கெடுக்க மாட்டேன், அத்தனையும் கோழித் தீவனத்துக்குக் குடுத்துடறேன்” என்றார்.

நான் நிதானமாகத்தான் பேசினேன். கடலில் தராசு இல்லை, அவருக்கே எடை தெரியாது. தப்பாகச் சொன்னால் உரிமம் போய்விடும். அவர் நல்லதுக்காகவே ஒரு வழி சொன்னேன். ஐஸ் அறையில் இருக்கும் பெட்டிகளை எல்லாம் தூக்கி மேல்தட்டில் அடுக்குங்கள், நான் பைனாகுலரில் எண்ணிச் சொல்கிறேன் என்றேன்.

அடியில் இருக்கும் பாரம்தான் படகைப் பிடித்து வைக்கும். அது மேலே ஏறினால் படகு ஆடும். இத்தனை காலம் வாசலில் உட்கார்ந்தவனுக்கு இது தெரியாதா என்று நீங்கள் கேட்கலாம். தெரியும்.

அவர்கள் அடுக்கினார்கள். காற்றில் தள்ளாடித் தள்ளாடி, விழுந்து எழுந்து அடுக்கினார்கள். என்ஜின்காரர் நடுவில், “வேணாம் முதலாளி, படகு சாயுது” என்று கத்தியது வயர்லெஸில் கேட்டது. மச்சான் ஒரு பெட்டியைக் கட்டிப்பிடித்தபடி சறுக்கிக்கொண்டு அந்தப் பக்கம் போனார், திரும்ப இந்தப் பக்கம் வந்தார். என்னை அறியாமல் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ராட்டினத்தில் மேலே போய்க் கீழே இறங்கும்போது வயிற்றுக்குள் ஒன்று கூசுமே, அதே கூச்சம்.

“எண்ணியாச்சா மாப்ள?”

“ஒன்னு மட்டும் பாக்கி. அன்னைக்கு என் காலர்ல மாட்டினீங்களே, அதுல என்ன எழுதியிருந்துச்சு?”

“மாப்ள, வெளையாடற நேரமா இது?”

“சொல்லுங்க. சொன்னா எறங்கும்.”

“எடை பார்க்கப்பட்டது.”

“கேக்கல. காத்து ஜாஸ்தி.”

“எடை பார்க்கப்பட்டது மாப்ள. எடை பார்க்கப்பட்டது. தங்கச்சி முகத்துக்காகவாவது எறக்குங்க.”

அடுத்த அலை குறுக்கே வந்தது. பெட்டிகள் எல்லாம் ஒரே பக்கம் சரிந்தன, படகும் அவற்றோடு சரிந்தது. என்ஜின்காரர் சங்கிலியைப் பிடித்துத் தொங்கிக்கொண்டிருந்தார். உங்களிடம் வந்து புகார் கொடுத்தவர் அவர்தான், அவர் சொன்னதில் ஒரு வார்த்தை பொய்யில்லை. மச்சானும் வலைக்காரரும் மேலே வரவில்லை.

விழாவைத் தள்ளி வைத்துவிட்டார்கள். அதில் எனக்கு ஒரு சின்ன வருத்தம் உண்டு. அந்தப் படகிலிருந்து ஒரு மீன்கூட விற்பனைக்கு வரவில்லையே. நியாயமாகப் பார்த்தால் கேடயம் எங்களுக்குத்தான் சேர வேண்டும். இதை யாரிடம் எழுதிக் கேட்பது என்று உங்களுக்குத் தெரிந்தால் சொல்லுங்கள்.

வீட்டில் மனைவி ஒன்றே ஒன்றுதான் கேட்டாள். “அண்ணன் கடைசியா என்னங்க சொன்னாரு?” உன்னைத்தான் நினைத்தார் என்றேன். அது பொய் இல்லை. அவள் என் நெஞ்சில் சாய்ந்து அழுதாள். எனக்கு யார்மேலும் கோபம் இல்லை என்பதற்கு இதைவிட வேறென்ன வேண்டும்? கோபக்காரன் அப்படித் தட்டிக்கொடுப்பானா?

நேற்று வந்தவர் மேஜையைத் தட்டியது விதியின் கடைசி வரிக்காக. காற்று எச்சரிக்கை இருந்தால் முதலில் வழி விட வேண்டும், எடையைப் பிறகு கேட்டுக்கொள்ளலாம் என்று அதில் இருக்கிறது. இதைப் படித்ததே இல்லையா என்று கத்தினார். பாவம், அவருக்குத் தெரியாது. அந்த வரியைக் கூட்டத்தில் எழுந்து நின்று சொல்லிச் சேர்க்க வைத்தவனே நான்தான். கைதட்டினார்கள். முதலில் தட்டியவர் மச்சான்.

மறக்கவில்லை, ஐயா. அவர் ‘எடை பார்க்கப்பட்டது’ என்று இரண்டாவது முறை சொன்னபோது என் விரல் பொத்தான் மேல்தான் இருந்தது. என் சிரிப்பு அடங்கட்டுமே என்று இருந்தேன்.