மிஞ்சிப்போன ரத்தம்

...அப்ப பை பையா ஏத்துனீங்க, இப்ப பை பையா உறிஞ்சி எடுக்கறீங்க. இதென்ன கூத்து நர்ஸம்மா? டயாலிசிஸ் பண்ணுன காலத்துல எங்க வீட்டுக்காரரு மூஞ்சி வெளிறிப்போய்க் கெடக்கும். ரத்தம் ஊற ஒரு ஊசி, இரும்புச்சத்துக்கு ஒரு ஊசி... பலாசாவுல நான் முந்திரிக்கொட்டை ஒடச்ச கூலி பூரா அதுக்கே போச்சு. இப்ப என் கிட்னி அவரு வயித்துக்குள்ள போய் ஒரு வருஷம்கூட ஆகல, ரத்தம் மிஞ்சிப்போச்சாம். வெல்லப்பாகு மாதிரி கெட்டியாயிருச்சாம். எங்கயாச்சும் கட்டிக்கிட்டா கிட்னியே செத்துரும்னு பெரிய டாக்டர் சொல்லிட்டுப் போறாரு. அவருக்கென்ன, அவரு குடுத்த கிட்னியா?

நரம்பு கெடைக்கலயா? நல்லாத் தேடு. அவரு தூங்கறாரு. முழிச்சிருந்தாலும் வாயத் தொறக்க மாட்டாரு. தண்ணி குடிக்கக்கூடத் தொறக்க மாட்டாரு, அதான் எனக்கு எரிச்சல். டயாலிசிஸ்ல அரை டம்ளர் அளந்து குடிச்ச பழக்கம், இன்னும் போகல. சொம்பு சொம்பா குடிங்கன்னு நான் கத்துவேன், வேண்டாவெறுப்பா ஒரு மொடக்கு குடிப்பாரு. இதுல திருட்டு பீடி வேற. பீடி குடிச்சாலும் ரத்தம் கூடுமாமே?... ஆங், அத முழிச்சதும் அவருகிட்ட சொல்லு.

டாக்டருங்களும் லேசுப்பட்டவங்க இல்ல. இல்லாத வியாதிக்கு மாத்திரை எழுதுவாங்க. பிரஷர் மாத்திரைன்னு ஒண்ணு. பலாசாவச் சுத்தி எங்க உத்தானம் பக்கத்து ஊருங்கள்ல வீட்டுக்கு வீடு கிட்னி நோயாளி, எந்த மாத்திரை எதுக்குன்னு சின்னப் புள்ளகூடச் சொல்லும். எங்ககிட்டயா? இவருக்குப் பிரஷர் பாத்தா நல்லாத்தான் இருக்கு. எதிர்வீட்டுக் கோர்லய்யாவுக்குத்தான் எகிறிக் கெடந்துச்சு. அட்டையோட தூக்கிக் குடுத்துட்டேன். எங்க ஊர்ல அப்படித்தான், ஒரு வீட்ல வேணாம்னா அடுத்த வீட்டுக்குப் போயிரும். சங்கராந்தியிலேருந்து இவருக்கு அத நான் குடுக்கறதே இல்ல.

ஏம்மா கைய எடுத்துட்ட?... ஆமா, அந்தச் சின்ன மாத்திரைதான்... என்னது? பிரஷர் மாத்திரைதான், ஆனா இவருக்குக் குடுத்தது பிரஷருக்கு இல்லயா? ரத்தம் அளவுக்கு மேல ஊறாம தடுக்கறதுக்கா?

அத வாயத் தொறந்து சொல்ல வேண்டாமா... சொன்னாங்களா? என்கிட்டயா?... நீயேவா சொன்ன? இருக்கும். பிரஷர் மாத்திரைன்னு காதுல விழுந்ததுமே எனக்குத்தான் எல்லாம் தெரியுமேன்னு எந்திரிச்சு வந்துருப்பேன்.

எங்கம்மா போற? டாக்டரக் கூப்பிடவா? கூப்பிடு. என்னை எவ்வளவு வேணா திட்டச் சொல்லு, வாங்கிக்கறேன். அந்தக் கிட்னிய மட்டும் எப்படியாச்சும் காப்பாத்தச் சொல்லும்மா. இன்னொண்ணு எடுத்துக் குடுக்க என்கிட்ட இல்ல.