ஆண்டுக்கோர் ஊசி, ஆண்டுக்கொரு கழுத்துப்பட்டி

“செவலைக்கு மட்டும் ஏழு ஊசி போட்டாச்சுங்க காசிமாயண்ணா. இன்னும் எதுக்குங்க...”

“போன வருசம் போட்டது போன வருசத்துக்குத்தேன் சார். இந்த வருசத்துக்கு...”

“மனுசனுக்கே அம்மை ஊசி ஒருக்காத்தானுங்க. நாய்க்கு மட்டும்...”

“மனுசங்கதை வேற. நாய்க்கு வருசா வருசம். மாட்டாஸ்பத்திரி டாக்டர் சொன்னது, நாஞ் சொன்னதில்ல.”

“நீங்க ரிட்டயர் ஆவறீங்க. அதோட நாய்ங்களையும் எங்கியாச்சும் அனுப்பிச்சுரலாமுங்க.”

சென்ற வாரம் நம் கம்பெனி வாசலில், ஒருவர் பேச்சின்மேல் மற்றவர் பேச்சு ஏறி ஒலித்த இவ்வழக்கில், கோபத்திலும் ‘ங்க’ குறையாத குரல் மேனேஜர் வேலுமணி அவர்களுடையது. குனியாத குரல் தங்களுடையது. அந்தக் குனியாத குரலுக்கே இம்மடல்.

கதவுக்குக் காவலரே, கடமையில் கண்ணயராதவரே, வாயில்லாத உயிர்களுக்காக வாதாடியவரே, பல்லடம் சாலையில் பதினைந்து ஆண்டுகள் மழையையும் வெயிலையும் மாறிமாறித் தோளில் தாங்கிய வாட்ச்மேன் ஐயா காசிமாயன் அவர்களே, வணக்கம்.

உசிலம்பட்டிப் பக்கமிருந்து ஒற்றைப் பையுடன் 1981இல் தாங்கள் வந்தபோது இங்கே பன்னிரண்டு தையல் மெஷின்கள் இருந்தன. இன்று அறுபது. பனியன் மட்டும் தைத்த கைகள் இன்று கப்பலேறும் டீ-ஷர்ட் தைக்கின்றன. முதலாளியின் கார் மாறியது, பெயர்ப்பலகை மாறியது, பெருக்குகிற துடைப்பம்கூட மாறியது. மாறாதது தாங்களும், தங்கள் ஸ்டூலும், அதன்கீழ் படுத்திருக்கும் நாய்களும். செவலை, கருப்பி, ஒத்தக்காது என்னும் இம்மூவரும் குடோனுக்குக் காவல்; தாங்கள் அம்மூவருக்கும் காவல்.

வைகாசி பிறந்தால் தாங்கள் விடுப்பு எழுதித்தரச் சொல்லி எங்களிடம் வருவீர்கள். ‘என்ன காரணம் எழுதட்டும்?’ என்று கேட்டால், ‘நாய்க்கு ஊசி’ என்பீர்கள். சிரிப்போம். தாங்கள் சிரித்ததில்லை. “வெறிநாய் கடிச்சுத் தண்ணியக் கண்டு அலறுன மனுசன எங்கூர்ல பாத்திருக்கேம்மா. கேட்டதும் தண்ணிதேன், பாத்து அலறுனதும் தண்ணிதேன்” என்று ஒருமுறை சொன்னீர்கள். அதன்பின் காரணம் கேட்காமல் எழுதிக்கொடுத்தோம்.

குட்டிக்கு மூன்றாம் மாதம் முதல் ஊசி, பிறகு உயிருள்ளவரை ஆண்டுக்கொன்று. இக்கணக்கை எழுத்தறியாத தாங்கள் நினைவில் வைத்த முறையை எந்தப் படித்தவரும் யோசித்திருக்கமாட்டார். அவ்வாண்டின் பெரிய ஆர்டர் என்ன நிறமோ, அந்நிறக் கட்டிங் வேஸ்ட் துணியில் ஒரு பட்டி தைக்கச் சொல்வீர்கள். ஊசி போட்டுவந்த நாயின் கழுத்தில் பழைய பட்டி போய்ப் புதுப்பட்டி ஏறும். எண்பத்தொன்பது வெள்ளை, தொண்ணூறு சிவப்பு, தொண்ணூற்றொன்று பச்சை. நாயைப் பார்த்தால் போதும், ஊசி போட்ட ஆண்டு கம்பெனிக்கே தெரியும்.

அந்தப் பச்சை ஆண்டில் வந்தது சோதனை. வெட்டிய துணிப் பண்டில் சுமந்துவந்த முத்துப்பேச்சி, அப்போது பத்தொன்பது வயதுப் பெண், வழியில் படுத்திருந்த செவலையின் வாலை மிதித்துவிட்டார். செவலை கெண்டைக்காலில் பல் பதித்துவிட்டது. தாங்கள் ஓடிவந்து குழாயடியில் அவரை உட்காரவைத்து, சோப்புப் போட்டுக் கழுவிக்கொண்டே இருந்தீர்கள். அவர் அழுதது வலிக்காக அல்ல. தொப்புளைச் சுற்றிப் பதினாலு ஊசி என்று யாரோ காதில் போட்டதற்காக. பெரியாஸ்பத்திரி டாக்டர் கேட்ட முதற்கேள்வி, நாய்க்கு இந்த வருடம் ஊசி போட்டதா என்பதே. ‘போட்டிருந்தால் பத்து நாள் நாயைக் கண்ணெதிரே கட்டிவையுங்கள். அது கொஞ்சம் மாறினாலும் உடனே இந்தப் பெண்ணுக்குப் பதினாலு ஊசி. போடாத நாய் என்றால் இன்றைக்கே தொடங்க வேண்டும்’ என்றார் அவர்.

திரும்பிவந்தால், கட்டையோடு நான்கு பேர். நடுவில் மேனேஜர். செவலையின் கழுத்தில் இருந்ததோ வெள்ளைப் பட்டி.

“வெள்ளை எந்த வருசமுங்க? உங்க கணக்குத்தானுங்க. எம்பத்தொம்போது. ரெண்டு வருசமா ஊசியில்லாத நாயை வாசல்ல வெச்சிருக்கறீங்க.”

“பச்சைதேன் சார் அது. கம்பெனிக்குப் பின்னால ஓடுற பிளீச்சிங் தண்ணியில பொரண்டு வெளுத்துப்போச்சு.”

“அதை நீங்க சொல்றீங்க. நாய் சொல்லுதுங்களா?”

“பட்டி சொல்லும் சார்.”

செவலையின் கழுத்தை இரு கைகளாலும் அணைத்துப் பட்டியைக் கழற்றினீர்கள். எங்கள் செக்கிங் டேபிளில் வைத்து, “ட்ரிம்மர எடுத்துப் பிரிங்கம்மா” என்றீர்கள். நாள் முழுதும் பிசிறு வெட்டும் கைகளுக்கு ஓவர்லாக் தையலைப் பிரிக்க எவ்வளவு நேரம்? இரட்டை மடிப்பு விரிந்தது. பிளீச்சிங் தண்ணீர் எட்டாத உள்மடிப்பில், தைத்த அன்றிருந்த பச்சை அப்படியே இருந்தது. முத்துப்பேச்சி அதைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தார்.

“சரிங்க, ஊசி போட்ட நாயின்னே வெச்சுக்குவோம். கடிச்ச நாய் கம்பெனிக்கு எதுக்குங்க? ஒரே அடி, முடிஞ்சுது.”

“கொன்னுப்புட்டா இந்தப் பிள்ள பத்து நாளைக்கு யாரப் பாத்துத் தைரியமா இருக்கும் சார்? செத்த நாய் என்ன சொல்லும்? மொதல்ல என்னைய அடிங்க, பெறகு நாய.”

கட்டைகள் கீழே சாய்ந்தன. அன்று மாலை தங்களுக்கு மெமோ வந்தது. அதை எங்களைப் படிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டு, “நல்லாத்தேன் எழுதியிருக்காக” என்று மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டீர்கள். பத்து நாளும் செவலை கேட்டடியில் கட்டுண்டு கிடந்தது. பத்து நாளும் முத்துப்பேச்சி வேலைக்கு வந்ததும் முதலில் அதன் கிண்ணத்தைத்தான் பார்த்தார். பதினோராம் நாள் தம் டிபன் பாக்ஸிலிருந்து ஒரு பிடி சோற்றைத் தாமே வைத்தார். ஒரு ஊசியும் அவருக்குத் தேவைப்படவில்லை. அடுத்த வைகாசியிலிருந்து மூன்று நாய்களுக்கும் பட்டி தைப்பவர் அவரே. இப்போது அவர் கைதேர்ந்த டெய்லர்; ஒரு பட்டியிலும் உள்மடிப்பு இல்லாமல் இருந்ததில்லை.

அஞ்சாதவரே, அடிபணியாதவரே, தங்களைப் பற்றி எழுதும் இம்மடலை நேற்று மேனேஜர் அவர்கள் வாங்கிப் படித்தார். “வேலையப் பத்தி எழுதுங்க, ஒழுக்கத்தப் பத்தி எழுதுங்க. நாய்ப் பேச்ச எடுத்துருங்கம்மா, ஃபிரேம் போட்டு மாட்டறது” என்றார். அவர் பெரியவர், அவர் சொல்லைத் தட்டக்கூடாது. ஆனால் நாய்ப் பேச்சை எடுத்துவிட்டால் தங்கள் வேலையும் இல்லை, ஒழுக்கமும் இல்லை. வெறும் சட்டம்தான் மிஞ்சும். ஆகவே ஓர் எழுத்தும் எடுக்கவில்லை. இதோ அவர் முன்னிலையிலேயே வாசிக்கிறோம்.

தங்கள் கண்கள் மங்காமல், கால்கள் தளராமல், உசிலம்பட்டி வீட்டு வாசலில் யார் வந்தாலும் ‘எங்க போகணும்?’ என்று கேட்கும் அந்த அதட்டல் குறையாமல், நூறாண்டு நலமுடன் வாழ வேண்டும். வருகிற வைகாசி பதினைந்தாம் நாள் மூன்று நாய்களும் மாட்டாஸ்பத்திரிக்குப் போகும். இம்முறை எங்களுக்கே விடுப்புக் கடிதம் எழுதியாகிவிட்டது. பிரிவுக்கு ஒருவராக நான்கு பேர் கையெழுத்திட்டிருக்கிறோம். காரணம் என்ற இடத்தில், ‘நாய்க்கு ஊசி’.

அன்புடனும் அசையாத உறுதியுடனும் இம்மடலை வழங்குவோர், கட்டிங், தையல், செக்கிங், அயர்னிங் பிரிவுத் தொழிலாளர் அனைவரும். எழுதியவர்: செக்கிங் பிரிவு காத்தூன் பீவி. நாள்: 30.4.1996.

பின்குறிப்பு: நேற்று மேனேஜர் மடலைத் திருப்பித் தந்தபோது, வாங்கிக்கொண்டவர் முத்துப்பேச்சி. கழுத்தில் அளவுநாடா தொங்க, கையில் கத்தரியுடன் அவர் மேனேஜரிடம் ஒன்று கேட்டார். இச்சபையிலும் அதையே கேட்கச் சொன்னார்:

“சார், இந்த வருசத்துப் பெரிய ஆர்டர் என்ன கலரு?”