சொம்புப் பால்

கரியில் ஓடிய பஸ் போய் டீசல் பஸ் வந்த புதிது. ராயக்கோட்டையிலிருந்து ஓசூர் போய்க்கொண்டிருந்தோம். எதிர் சீட்டில் ஐம்பது வயதுக்காரர் ஒருவர், அந்த வெயிலிலும் மார்பைத் துண்டால் இறுக்கிப் போர்த்தியிருந்தார். மடியில் இலையால் வாய் கட்டிய சொம்பு. பஸ் குலுங்கியதில் துண்டு நழுவியது. பக்கத்தில் தன் அம்மா மடியிலிருந்த சிறுமி உற்றுப் பார்த்தாள்.

"அம்மா, இந்த மாமாவுக்கும் உன்னாட்டமே இருக்குது."

"ச்சீ, வாய மூடுடி! சின்னப் புள்ள, மனசுல வெச்சுக்காதீங்கண்ணா."

"இருக்கட்டும் தங்கச்சி. வயசு வந்த நாளா இப்படித்தான். எங்க ஊர்ப் புள்ளைங்க, 'உங்க பாப்பா எங்க'ன்னே கேக்கும்."

"சொம்புல இருக்கிறது உங்க பாலா மாமா?"

அம்மா அவள் தொடையில் கிள்ளினாள். அவர் கோபப்படவில்லை.

"பசும்பால், கண்ணு. சானமாவுக் காட்டோரம் என் புள்ளையப் பொதைச்சிருக்குது. பொறந்தன்னைக்கே தாயும் போயிட்டா, அதுவும் போயிருச்சு. ஒரு வாய் பால் குடிக்கல. அமாவாசைக்கு அமாவாசை ஊத்தறேன். எருமைப் பாலும் ஊத்திப் பாத்துட்டேன். மண்ணு உள்ள இழுக்க மாட்டேங்குது. ஊத்தினது ஊத்தினபடியே வெள்ளையா நிக்குது."

"அதுக்கு மாட்டுப் பால் புடிக்கல மாமா. நீங்களே குடுங்க."

அவர் அவளையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

சானமாவில் அவர் மட்டும் இறங்கினார். பஸ் நகர்ந்த பிறகுதான் சொம்பு சீட்டிலேயே இருப்பதைப் பார்த்தோம்.

"அண்ணா, பால விட்டுட்டுப் போறீங்க!" என்று சிறுமியின் அம்மா ஜன்னல் வழியே கத்தினாள்.

அவர் திரும்பவில்லை. துண்டை உருவிக் கீழே போட்டுவிட்டு, மரங்களுக்குள் வேகமாகப் போய்க்கொண்டிருந்தார்.